காசநோய் மாத்திரை: டெல்லியை நம்பி இருக்கணுமா, வேலூரிலேயே வாங்கிக்கலாமா?

குடியாத்தத்து மகள்:
2024 மார்ச் 18 தேதியிட்டு மத்திய காசநோய்ப் பிரிவு மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்புச்சு. மாத்திரை வரத் தாமதமாகலாம், மூணு மாசத்துக்கு நீங்களே வாங்கிக்கோங்கன்னு. அப்ப எங்கம்மாவுக்கு சிகிச்சையில நாலாவது மாசம். மாசத்துக்கு மொத்தமா கொடுத்துட்டிருந்த இடத்துல, மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால வெட்டி அஞ்சு நாளைக்குன்னு தந்தாங்க. வெட்டின துண்டுல மருந்து பேரு பாதிதான் இருந்துச்சு, காலாவதி தேதி இல்லவே இல்ல. திரும்பத் திரும்ப அலைஞ்சதுல பீடி சுத்துற வேலையும் கெட்டுச்சு. நோய் இங்க இருக்கு, பணத்தையும் இங்க கொடுங்க. மாவட்டமே வாங்கட்டும்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
அம்மா பட்ட கஷ்டத்துக்கு நான் சமாதானம் சொல்ல வரல. ஆனா மாவட்டக் கொள்முதல் வேண்டாம்மா. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல வந்ததிலிருந்து மொத்தமா டெண்டர் விட்டு வாங்குறாங்க. ஒவ்வொரு பேட்ச்சும் ஆய்வகத்துல தேறினப்புறம்தான் கிடங்கை விட்டு வெளிய போகும். 38 மாவட்டமும் தனித்தனியா வாங்கினா இந்தச் சோதனையை யார் செய்வாங்க? காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் தரம் குறைஞ்சா கிருமி சாகாது, பழகிக்கும். அப்புறம் ஆறு மாச வைத்தியம் ஒன்றரை வருஷத்துக்கும் மேல இழுக்கலாம்.

சத்துவாச்சாரி மொத்தக்கடை:
சார் சொல்ற தரம் சரி. ஆனா கடிதம் வந்தப்புறம் வாங்குன்னா எங்க போய் வாங்குறது? அரசு அட்டை எங்க கடைக்கு வராது. எங்க ரேக்குல இருக்கிறது தனியார் டாக்டர்கள் எழுதற அளவுக்குத்தான். விலை ஒப்பந்தத்தை முன்கூட்டியே போட்டு வெச்சிருந்தா, தட்டுப்பாடு தெரிஞ்ச அன்னிக்கே இண்டென்ட், அதாவது கொள்முதல் கோரிக்கை, போடலாம்.

ஒடுகத்தூர் களப்பணி:
வேலூர்ல சரக்கு இருந்தாலும் பீஞ்சமந்தை மலைக்கு யாராவது எடுத்துட்டு ஏறினாத்தான் அங்க மாத்திரை. பணியாளர் கண் முன்னாடி வாரம் மூணு நாள் மாத்திரை விழுங்கற பழைய டாட்ஸ் முறையில, சிகிச்சை ஆரம்பிக்கும்போதே கடைசி நாள் வரைக்குமான மாத்திரை ஒரே பெட்டியில, நோயாளி பேருல ஒதுக்கிடுவோம். புதுசா வந்தவங்களுக்குச் சிவப்புப் பெட்டி, மறுபடி வந்தவங்களுக்கு நீலம். மேல எங்க தட்டுப்பாடு வந்தாலும் அந்தப் பெட்டி அவங்களோடது. 2017-ல தினசரி மருந்துக்கு மாறினப்போ பெட்டி போய் அட்டை வந்துச்சு. தினமும் சாப்பிடறது நல்ல மாற்றம்தான். பெட்டியை எதுக்கு விட்டோம்?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
அந்தப் பெட்டிகளைப் பிரிச்சு எண்ணினவன் நான். ஒருத்தர் பாதியில இறந்துட்டா, ஊர் மாறிட்டா, மீதியை எடுத்து, காலாவதி பார்த்து, வேற பெட்டியில சேர்க்கணும். எத்தனையோ சாயங்காலம் அதுலயே போயிருக்கு. இப்ப எடைக்குத் தக்கபடி ரெண்டு, மூணு, நாலுன்னு மாத்திரை மாறுது. பெட்டி கட்டினா கணக்கு தப்பும். அதுக்குப் பதிலா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆளுக்கு ஒரு மாச இருப்பைக் கூடுதலா வைக்கலாம்.

குடியாத்தத்து மகள்:
சார், எண்ணற வேலை உங்களுக்குச் சாயங்காலத்தோட முடிஞ்சுது. அம்மாவுக்கு நடுவுல ஆறு நாள் மாத்திரையே இல்ல. அந்த ஆறு நாளும் விடிகாலையில எழுந்து, வெறும் வயித்தோட, காலி அட்டையைத் தடவிப் பார்த்துட்டு வெச்சாங்க. ஒரு மாச இருப்பு எப்படிப் போதும்? அந்தக் கடிதத்துல இருந்ததே மூணு மாசம்.