கராகே வெளியே கறுத்துப் போகிறது, உள்ளே வேகவில்லை: உதவி தேவை

நிஷிகசாய் வாசி:
வணக்கம். தோக்கியோ நிஷிகசாயில் இருக்கிறோம். மகளுக்குப் பெந்தோ (மதியச் சாப்பாட்டுப் பெட்டி) கட்டும்போதெல்லாம் அவள் கேட்பது கராகே (ஜப்பானியக் கோழிப் பொரியல்) மட்டும்தான், எனக்கு அது சரியாகவே வரமாட்டேன் என்கிறது. பிரேசிலிலிருந்து உறைந்து வருகிற எலும்பில்லாத கோழித் தொடைக்கறி, 2 கிலோ பை, அதைத்தான் வாங்குகிறேன். ஐஸ் விட்டதும் மஞ்சள்தூள் போட்டு நன்றாக அலசி, பெரிய துண்டாக வெட்டி, சோயா சாஸ், மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), இஞ்சி பூண்டு விழுது சேர்த்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவைக்கிறேன். காலையில் எடுத்த கையோடு கத்தகுரிகோ (உருளைக்கிழங்கு ஸ்டார்ச்) மாவில் புரட்டி, கேஸ் அடுப்பில் 180 டிகிரி என்று வைத்து எண்ணெயில் போட்டால், இரண்டே நிமிடத்தில் அடர் பழுப்பாகிவிடும். வெட்டிப் பார்த்தால் நடுவில் ரோஸ் நிறம். மாவு வேறு கழன்று எண்ணெயின் அடியில் போய்க் கருகுகிறது. மதியம் மகள் பெட்டியைத் திறக்கும்போது தோல் தொளதொளவென்று இருக்கிறதாம். எங்கே கோளாறு?

ஓய்த்தா மருமகள்:
உங்கள் பிரச்சினையில் பாதி தண்ணீர், மீதி சூடு. நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

உறைந்த கறி ஐஸ் விடும்போதே நிறைய நீர் விடும், அதற்கு மேல் அலசினால் சொல்லவே வேண்டாம். நம் வீடுகளில் கறியை அலசாமல் அடுப்பில் ஏற்ற மனசு வராது, தெரியும். ஆனால் இங்கே பெரும்பாலும் அலசுவதில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. கோழியில் இருக்கிற கேம்பிலோபேக்டர் கிருமி தண்ணீர் தெறிக்கும் இடமெல்லாம், சிங்க், பக்கத்தில் இருக்கிற காய்கறி என்று பரவிவிடும். ஜப்பானில் உணவு நஞ்சாவதற்கு முக்கியக் காரணங்களில் அது ஒன்று. அதனால் பையோடு முதல் நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஐஸ் விட வையுங்கள், கிச்சன் பேப்பரால் எல்லாப் பக்கமும் ஒற்றி எடுங்கள், தோலுக்கு அடியில் மஞ்சளாக இருக்கிற கொழுப்பையும் வெட்டி எறியுங்கள். வாடை பெரும்பாலும் அந்த நீரிலும் கொழுப்பிலும்தான் இருக்கும், மஞ்சள்தூளுக்கு அங்கே வேலையே இல்லை.

அப்புறம் ஊறவைப்பது. 300 கிராம் கறிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி சோயா, ஒரு மேசைக்கரண்டி சாக்கே (அரிசி மது), துருவிய இஞ்சியும் பூண்டும். அரை மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க விட்டால் உப்பு கறியிலிருந்து நீரை இழுத்துவிடும், சதை இறுகும், நிறமும் ஏறும். மிரினில் சர்க்கரை இருக்கிறது, சீக்கிரம் கறுப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். அதை விட்டுவிடுங்கள். புரட்டுவதற்கு முன்னால் ஊறிய சாற்றை வடித்துவிட்டு மாவைப் போடுங்கள், இல்லாவிட்டால் கூழாகித்தான் கழன்று போகும்.

சப்போரோ தம்பி:
சூடு பற்றி நான். அக்கா, அடுப்பில் 180 என்று நீங்கள் வைப்பது எண்ணெயின் சூடு இல்லை. பர்னர் நடுவில் ஒரு குமிழ் சட்டியின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பாருங்கள், அது அளக்கிற சூடு. 2008க்குப் பிறகு இங்கே விற்கிற இரண்டு, மூன்று பர்னர் வீட்டு கேஸ் அடுப்புகளில் அந்தச் சென்சார் கட்டாயம், எண்ணெய் தீப்பிடிக்காமல் இருக்க. எண்ணெய் குறைவாக இருந்தாலோ சட்டி அடி வளைந்திருந்தாலோ அந்த அளவை நம்ப முடியாது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை மரக் குச்சியை நனைத்துத் துடைத்து எண்ணெயில் விடுங்கள்: நுனியிலிருந்து பொடிக் குமிழி மெதுவாக ஏறினால் 160 பக்கம், குச்சி முழுக்கச் சடசடவென்று பொங்கினால் 180 தாண்டியாச்சு.

தொடக்கத்திலேயே 180 வேண்டாம். துண்டு 30-40 கிராம், எல்லாம் ஒரே அளவு, பொரிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே. 160-170இல் மூன்று நிமிடம், அதுவும் நான்கைந்து துண்டுக்கு மேல் போடாதீர்கள், போட்ட முதல் ஒரு நிமிடம் கிளறவும் கூடாது. பிறகு கம்பி வலையில் நான்கு நிமிடம் எடுத்து வையுங்கள், அந்த நேரத்தில் உள்ளே இருக்கிற சூடே நடுப்பகுதியை வேகவைக்கும். கடைசியாக 190இல் ஒரு நிமிடம். காதை வைத்துக் கேளுங்கள், முதலில் ‘பொதபொத’ என்று கனமாக இருந்த சத்தம் ‘சிர்’ரென்று மெல்லியதாக மாறும், பெரிய குமிழிகள் சின்னதாகும். நீர் போய்விட்டது என்று அர்த்தம், எடுத்துவிடலாம். சந்தேகம் இருந்தால் பெரிய துண்டின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்துங்கள், 75 டிகிரி ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளை சாப்பிடுவது, இதில் கண் மதிப்பு கூடவே கூடாது.

நிஷிகசாய் வாசி:
இவ்வளவு விவரமாக எழுதியதற்கு இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மாவு கத்தகுரிகோ மட்டும் போதுமா, கோதுமை மாவும் கலக்க வேண்டுமா? கடையில் கராகே மாவு என்று தனிப் பாக்கெட்டும் இருக்கிறதே.

ஓய்த்தா மருமகள்:
சூடாகச் சாப்பிட கத்தகுரிகோ மட்டும், அந்த மொறுமொறுப்பு வேறு எதிலும் வராது. பெந்தோவுக்கு என்றால் பாதிக்குப் பாதி மைதா. மைதா கறியில் நன்றாகப் பிடிக்கும், ஆறினாலும் ருசி நிற்கும். பாக்கெட் மாவில் உப்பும் மசாலாவும் ஏற்கெனவே இருக்கும், அதைச் சோயாவில் ஊறிய கறியின் மேல் போட்டால் கரிக்கும்.

எங்கள் ஓய்த்தா மாகாணத்தில் நக்காத்சு, உசா இரண்டு ஊரும் கராகேக்குப் பேர்போனவை. நக்காத்சுவில் 100 கிராம் கணக்கில் எடை போட்டு, கேட்ட பிறகுதான் பொரித்துத் தருவார்கள். பூண்டும் இஞ்சியும் தூக்கலாக இருக்கும், நம் நாக்குக்கு அவ்வளவு பொருந்தும். ஒருமுறை வாருங்கள்.

சப்போரோ தம்பி:
எங்கள் ஹொக்கைதோவில் இதையே ஸாங்கி என்பார்கள், ஊறவைக்கும் சாற்றின் ருசி இன்னும் தூக்கலாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும், அக்கா மன்னிக்கவும்.

கவாகுச்சி:
ஹலால் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாக்கே இல்லாமலும் நன்றாகவே வருகிறது, இஞ்சிச் சாற்றைக் கூட்டி ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விடுகிறோம். சோயா பாட்டில் லேபிளையும் பாருங்கள், கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்த்த வகை நிறைய உண்டு. ஹலால் சான்று உள்ளதும் கிடைக்கிறது.

நிஷிகசாய் வாசி:
இன்று காலை செய்தேன். அலசவில்லை, ஒற்றி எடுத்தேன், மிரின் கிடையாது, பாதி மைதா, இரண்டு முறை பொரித்தேன். பொன்னிறம்! நடுவில் வெள்ளை, அழுத்தினால் தெளிந்த சாறு. மகள் அடுப்படியிலேயே நின்று பாதியைத் தீர்த்துவிட்டாள். பெந்தோவில் வைக்கும்போது மட்டும் என்ன கவனிக்க வேண்டும்? மீந்த எண்ணெயை என்ன செய்வது?

சப்போரோ தம்பி:
முழுக்க ஆறிய பிறகுதான் மூடி. சூட்டோடு மூடினால் ஆவி முத்துமுத்தாக மூடியில் கட்டித் திரும்பக் கறியில் சொட்டும், தொளதொளவுக்கு அதுதான் காரணம், கிருமிக்கும் அதுதான் வசதி. வெயில் காலத்தில் ஐஸ் பேக் வையுங்கள். பேப்பரின் மேல் குவிக்காமல் கம்பி வலையில் நிறுத்தி ஆற விடுங்கள். எண்ணெயில் மாவுத் தூள் இல்லாமல் வடிகட்டினால் இன்னொரு முறை பொரிக்கலாம். கொட்டுவதென்றால் நூறு யென் கடையில் எண்ணெயை உறைய வைக்கும் பொடி இருக்கிறது, அடுப்பை அணைத்ததும் சூட்டோடு கலக்கிவிட்டால் ஆறியதும் கட்டியாகிவிடும், எடுத்து எரியும் குப்பையில் போடலாம். சிங்கில் மட்டும் ஊற்றாதீர்கள்.