எம்பெடட் எஸ்கியூஎல்: ‘உட்பொதி’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தரவுத்தளங்களைக் கையாளும் மொழியான எஸ்கியூஎல்லின் கூற்றுகளை வேறொரு மொழியின் நிரலுக்குள் எழுதும் முறையான எம்பெடட் எஸ்கியூஎல் என்பதை ‘உட்பொதி எஸ்கியூஎல்’ என்று எழுதிவிடலாம் என்ற முன்மொழிவு ஏறக்குறைய ஏற்கப்பட்டுவிட்டது போலத் தெரிவதால், அது நம் கலைச்சொல் பட்டியலில் ஏறும் முன் என் மறுப்பைச் சற்று விரிவாகவே பதிவுசெய்ய விரும்புகிறேன். ‘உட்பொதி’ பிழையான சொல் அன்று. எழுத்துருவை ஆவணத்திலும் காணொளியை இணையப் பக்கத்திலும் உட்பொதிக்கிறோம். அந்த இடங்களில் அது நன்றாகவே நிலைத்துவிட்டது. ஆனால் தரவுத்தளம் பற்றிய ஒரு பாடநூலில் அதே சொல் மூன்று பொருள்களைச் சுமக்க நேர்கிறது. கருவிகளுக்குள் அமர்ந்து ஒரே வேலையைச் செய்யும் சிறு கணினிகளை உட்பொதி அமைப்புகள் என்கிறோம். தனியாக ஒரு வழங்கி இல்லாமல், பயன்பாட்டுக்குள் நூலகமாகச் சேர்ந்து இயங்கும் எஸ்கியூலைட் போன்றவற்றை உட்பொதி தரவுத்தளங்கள் என்கிறோம். இப்போது இதுவும் உட்பொதி எஸ்கியூஎல் ஆகிறது. இதைப் படிக்கும் மாணவர் எஸ்கியூலைட்டைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் இருக்கிறது என்பது உண்மைதான். அதையும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். சி, கோபால், ஃபோர்ட்ரான் போன்ற ஒரு மொழியில் எழுதப்பட்ட நிரலின் வரிகளுக்கு நடுவே எஸ்கியூஎல் கூற்றுகள் அப்படியே எழுதப்படுகின்றன. ஒவ்வொரு கூற்றின் முன்னும் ‘எக்ஸெக் எஸ்கியூஎல்’ என்ற அடையாளம் நிற்கிறது. சி மொழியில் அரைப்புள்ளியோடும் கோபாலில் ‘எண்ட்-எக்ஸெக்’ என்பதோடும் கூற்று முடிகிறது. இவற்றைச் சி தொகுப்பி (கம்பைலர்) அறியாது. அதற்கு முன்பே வேறொரு கருவி மூலநிரலைப் படித்து, அடையாளமிட்ட கூற்றுகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் இடத்தில் தரவுத்தள நூலகத்தின் செயற்கூறுகளை அழைக்கும் சாதாரணச் சி வரிகளை எழுதி வைக்கிறது. ஆரக்கிளின் ப்ரோ-சி, போஸ்ட்கிரெஸின் ஈசிபிஜி ஆகிய இரண்டும் செய்வது இதைத்தான்.

ஆகவே இங்கே எதுவும் எதற்குள்ளும் பொதிந்து மறைந்துவிடவில்லை. ஒரு மொழியின் வரிகளுக்கு இடையில் மற்றொரு மொழியின் வரிகள், தம் உருவம் கெடாமல், வெளிப்படையாக நிற்கின்றன. இந்த நிலைக்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு வினை இருக்கிறது: இடையிடுதல். செய்யுளுக்கு நடுவே உரைநடை வரும் நூலை ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்று பழந்தமிழில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அங்கே உரையும் செய்யுளும் தத்தம் இலக்கணத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்றை மற்றொன்று தாங்குகிறது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே இதுதான்.

ஆனால் அந்தத் தொடரின் அமைப்பைக் கவனிக்காமல் ‘நிரலிடையிட்ட எஸ்கியூஎல்’ என்று சென்ற மடலில் ஒரு நண்பர் எழுதியது போல ஆக்கிவிட்டால் பொருள் தலைகீழாகும். ‘உரையிடையிட்ட’ என்பதில் முதலில் நிற்கும் உரையே இடையில் வந்தது. பின்னால் நிற்கும் செய்யுள்தான் அதற்கு இடம் கொடுத்தது. அந்த முறைப்படி ‘நிரலிடையிட்ட எஸ்கியூஎல்’ என்றால், எஸ்கியூஎல்லுக்கு நடுவே நிரல் வந்திருக்கிறது என்றாகிறது. (அப்படியும் ஒன்று உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம், தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதப்படும் சேமித்த செயல்முறைகள் கிட்டத்தட்ட அந்த வகைதான்.) ‘நிரலிடை எஸ்கியூஎல்’ என்று சுருக்கினாலும் இரண்டு நிரல்களுக்கு இடைப்பட்டது என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. எனவே கூற்றுகளை ‘இடையிட்ட எஸ்கியூஎல்’ என்றும், அவற்றைக் கொண்ட நிரலை ‘எஸ்கியூஎல் இடையிட்ட நிரல்’ என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. எஸ்கியூஎல் என்ற பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். ‘கட்டமைப்பு வினவல் மொழி’ என்பது விளக்கமாக ஒரு முறை வரலாம். ஆனால் அட்டவணையை உருவாக்குவதும் தரவை மாற்றுவதும் நீக்குவதும் அதே மொழியில்தான் நடக்கின்றன என்பதால், ‘இடையிட்ட வினவல்’ என்று சுருக்குவது பாதியை விட்டுவிடும்.

அடுத்தது ஹோஸ்ட் லாங்குவேஜ், அதாவது எஸ்கியூஎல் கூற்றுகளுக்கு இடம் கொடுக்கும் சி போன்ற மொழி. ‘விருந்தோம்பு மொழி’ என்ற பரிந்துரையைப் படித்துப் புன்னகைத்தேன். ஆனால் எஸ்கியூஎல் இங்கே விருந்தினரும் அன்று, சி மொழி இலை போட்டுக் காத்திருக்கவும் இல்லை. ‘தாங்குமொழி’ போதும். அதன் மாறிகள் எஸ்கியூஎல் கூற்றுக்குள் வரும்போது முன்னால் ஒரு முக்காற்புள்ளி (:) இடப்படுகிறது. அட்டவணையின் நெடுவரிசைப் பெயர் எது, நிரலின் மாறி எது என்று பிரித்துக் காட்டுவது அந்தப் புள்ளிதான். இவ்வகை மாறியைப் ‘பகிர்மாறி’ எனலாம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆயினும் ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகள் (த்ரெட்) பொதுவில் வைத்திருக்கும் மாறியை அப்பெயர் ஏற்கெனவே குறிப்பதால், ‘தாங்குமொழி மாறி’ என்று சற்று நீளமாகச் சொல்வதே பாதுகாப்பானது.

தொகுப்பிக்கு முன்பே மூலநிரலைப் படிக்கும் கருவி என்று மேலே சொன்ன ப்ரீகம்பைலருக்கு வந்த ‘முன்தொகுப்பி’, ‘முன்செயலி’ ஆகிய இரண்டையும் நான் ஏற்கவில்லை. முன்செயலி என்பது சி மொழிக்கே உரிய ப்ரீப்ராசசருக்குப் போக வேண்டிய சொல். இரண்டும் ஒன்றல்ல என்பது நடைமுறையில் முக்கியமானது: வழக்கமான வரிசையில் தரவுத்தளக் கருவி முதலில் ஓடி, சி முன்செயலி அதற்குப் பின்னரே வருவதால், ‘டிஃபைன்’ கட்டளையால் வரையறுத்த ஒரு மாறிலியை எஸ்கியூஎல் கூற்றுக்குள் எழுதினால் முந்தைய கருவிக்கு அது புரியாமல் போகலாம், ஈசிபிஜி தனக்கென்று ஒரு ‘டிஃபைன்’ கூற்றை வைத்திருப்பது அதனால்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்தப் பிழையைத் தமிழில் விளக்கவே முடியாது. முன்தொகுப்பி என்பதோ, முன்பே தொகுத்து வைத்தது என்ற எண்ணத்தைத் தருகிறது. அது செய்யும் வேலை தொகுப்பதன்று, ஒரு மொழியின் கூற்றை மற்றொரு மொழியின் வரிகளாகப் பெயர்ப்பது. ஆகவே ‘முன்பெயர்ப்பி’ என்கிறேன்.

இனி, மிகுதியான கவனம் வேண்டும் இடம்: கர்சர், அதாவது தரவுத்தளம் தரும் விடையை ஒவ்வொரு வரிசையாக எடுக்க உதவும் ஏற்பாடு. திரையில் மின்னும் கோட்டுக்கு வைத்த ‘சுட்டி’ என்ற சொல்லை இங்கேயும் கொண்டுவருவது சரியாகாது. தமிழில் மவுஸும் சுட்டி, இணைப்பும் சுட்டி, சி மொழியின் பாயிண்டரும் சுட்டி. சி நிரலில் பாயிண்டர்களுக்கு நடுவே இதையும் சுட்டி என்று எழுதினால் ஒரே பத்தியில் எது எதைச் சுட்டுகிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

கர்சர் ஏன் தேவைப்பட்டது என்பதில் சொல்லுக்கான குறிப்பு இருக்கிறது. எஸ்கியூஎல் எப்போதும் கணமாக (செட்) சிந்திக்கிறது. ஒரு கேள்விக்கு ஆயிரம் நிரைகளும் (ரோ) விடையாக வரலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். சி அல்லது கோபால் மொழியின் சாதாரண மாறி ஒன்றோ ஒரு நேரத்தில் ஒரு மதிப்பையே ஏற்கும். ஒரே நிரை வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் ‘செலக்ட் இன்டூ’ கூற்றால் நேரே மாறிகளில் வாங்கிக்கொள்ளலாம். பல நிரைகள் வரும்போது, கேள்வியோடு ஒரு கர்சரை அறிவித்து, அதைத் திறந்து, ஒவ்வொரு நிரையாகக் கொணர்ந்து, முடிந்ததும் மூட வேண்டும். நிரைகளின் மேல் ஒவ்வொன்றாகக் கடந்து செல்வதே அதன் தொழில். கடலைக் கடந்து செல்பவரைக் கடலோடி என்கிறோம். அந்த வழியில் இதை ‘நிரையோடி’ எனலாம். ரோ என்பதற்கு ‘நிரை’ பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அணிகள் பாடத்திலேயே பழகிய சொல். அதன் இணையான ‘நிரல்’ இங்கே புரோகிராமைக் குறித்துவிட்டதால், காலம் (column) என்பதை ‘நெடுவரிசை’ என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. இது அழகான ஏற்பாடு அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிரையோடி இப்போது நிற்கும் இடம் ‘நடப்பு நிரை’. அந்த நிரையை மட்டும் மாற்றவோ நீக்கவோ ‘வேர் கரண்ட் ஆஃப்’ என்ற தொடர் பயன்படுவதால், விளக்கமும் தடையின்றி ஓடுகிறது.

தாங்குமொழி மாறிக்கு வந்த மதிப்பின் நிலையைச் சொல்லும் துணை மாறியான இண்டிகேட்டர் மாறியைக் ‘குறிகாட்டி மாறி’ என்று விட்டுவிடலாம். ‘இன்மைகாட்டி’ என்பது கவர்ச்சியாக இருந்தாலும் முழுமையாகாது. அட்டவணையில் மதிப்பே இல்லாதபோது அதில் -1 வருகிறது. ஆனால் நீண்ட சரம் சிறிய மாறியில் கொள்ளாமல் வெட்டுப்பட்டால் அதன் முந்தைய நீளம் நேர் எண்ணாக அதிலேயே வருகிறது. கூற்று எப்படி முடிந்தது என்று சொல்லும் குறியீடுகளான எஸ்கியூஎல்கோட், 1992 தரத்தில் வந்த ஐந்தெழுத்து எஸ்கியூஎல்ஸ்டேட் ஆகியவை பெயர்கள், பெயர்களாகவே இருக்கட்டும். நிரையோடியால் கொணர இனி நிரை இல்லை என்பதை முன்னது 100 என்றும் பின்னது 02000 என்றும் சொல்கின்றன.

டைனமிக் எஸ்கியூஎல்லுக்கு ‘இயங்குநிலை’, ‘மாறுநிலை’ என்று வந்தவற்றைவிட ‘ஓட்டநேர எஸ்கியூஎல்’ தெளிவானது. வேறுபாடு கூற்று அசைகிறதா என்பதில் இல்லை, அதன் எழுத்துவடிவம் எப்போது முடிவாகிறது என்பதில் இருக்கிறது. நிலையான கூற்று முன்பெயர்ப்பியின் கண்ணில் படுவதால் அதன் இலக்கணப் பிழைகள் நிரல் ஓடுமுன்பே பிடிபடுகின்றன. தாங்குமொழி மாறியில் பயனர் எதைத் தட்டச்சு செய்தாலும் அது மதிப்பாக மட்டுமே போகிறது, கூற்றின் பகுதியாக மாறுவதில்லை. ஓட்டநேரக் கூற்றோ நிரல் ஓடும்போது சரமாகக் கட்டப்பட்டு, ஆயத்தம் செய்யப்பட்டு, நிறைவேற்றப்படுகிறது. அந்தச் சரத்தில் பயனரின் உள்ளீட்டை நேரடியாக ஒட்டினால்தான் அந்த உள்ளீடே கூற்றின் பகுதியாகிவிடும் எஸ்கியூஎல் ஊடுருவல் (இன்ஜெக்‌ஷன்) நுழைகிறது. மதிப்புகளுக்குக் கேள்விக்குறி இட்டு இடம் ஒதுக்கி, பின்னர் மாறிகளை இணைப்பதே முறை. அந்தக் கேள்விக்குறிக்கு, அதாவது பராமீட்டர் மார்க்கருக்கு, எனக்கு நிறைவளிக்கும் சொல் இன்னும் கிட்டவில்லை. ‘இடங்கொள்ளி’ என்று எழுதிப் பார்த்தேன். ‘கொள்ளி’ என்றதும் தீதான் நினைவுக்கு வருகிறது. இதற்கு மாற்று இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றில் ‘நிரையோடி’க்கு மறுப்பு வருமென்று எதிர்பார்க்கிறேன், மறுப்பவர்கள் ஒரு சி நிரலின் விளக்கத்தைத் தம் சொல்லைக் கொண்டு ஒரு பத்தியாவது எழுதிக்காட்டினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.