ஹாப்லோகுரூப்புக்குத் தமிழ்: ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

கோத்தகிரி, திங்கள் காலை

குழுவினர்க்கு வணக்கம்.

மரபணு ஆய்வுக்கு எச்சில் மாதிரி எடுப்பதற்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். இருளர், ஆலுக் குறும்பர் பழங்குடி ஊர்களில் அதை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவோம். அவர்கள் வீட்டில் பேசுவது வேறு மொழி, தமிழ் இரண்டாவது. காதில் விழுந்ததும் புரியாத சொல்லால் பயனில்லை.

"சாப்பாடு, வெற்றிலை, புகையிலை எதுவும் வாயில் போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்", "தாத்தா பாட்டி நால்வரும் பிறந்த ஊர் எது" என்பவையெல்லாம் எளிதாக வந்துவிட்டன. இடறுவது ஹாப்லோகுரூப். தாயிடமிருந்து மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.விலோ, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமிலோ எப்போதோ ஓர் எழுத்து மாறியது. அந்த மாற்றத்தைச் சுமந்து வருவோர் எல்லாரும் ஒரு ஹாப்லோகுரூப். மாறிய அந்த இடம் மார்க்கர். அதற்கு "மரபுக்குறி" என்று எழுதியிருக்கிறேன். "மரபணு அடையாளம்" வேண்டாம் என்று விட்டேன், அடையாளம் என்றால் அட்டையும் சாதிச் சான்றிதழும்தான் நினைவுக்கு வரும். இந்தச் சோதனை யாரையும் பழங்குடி என்றோ அல்ல என்றோ தீர்ப்பதில்லை.

ஹாப்லோகுரூப்புக்கு என்ன சொல்லலாம்?

உதகை, திங்கள் மதியம்

ஒருமடியக் குழு. குரோமோசோம் ஒற்றைத் தொகுதியாக இருந்தால் (ஹாப்லாய்டு) ஒருமடியம், இரட்டையாக இருந்தால் (டிப்லாய்டு) இருமடியம் என்று வகுப்பில் சொல்லிப் பழகியாயிற்று. கிரேக்க மூலத்திலும் ஹாப்லோஸ் என்றால் ஒற்றை. புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

குன்னூர், திங்கள் மாலை

ஐயா, உரக்கப் படித்துப் பாருங்கள். "நீங்கள் எந்த ஒருமடியக் குழு என்று பார்ப்போம்." கேட்பவர் காதில் "மடிய" என்றுதான் விழும், சாவதற்கு ஒரு குழு என்பதுபோல. நோய்க்குச் சோதனை செய்கிறார்களோ என்ற அச்சம் முதலிலேயே இருக்கும் இடத்தில் இந்தச் சொல் கூடாது.

பொருளும் பொருந்தவில்லை. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் படியெடுத்துக் கிடக்கிறது. அதை ஒருமடி என்பது எப்படி? ஒற்றைப் பெற்றோர் வழி என்பதுதான் கருத்து.

கூடலூர், திங்கள் இரவு

எந்தச் சொல் வந்தாலும் சரி. குலம், குடி, இனம் இந்த மூன்றும் வேண்டாம். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். தாய்வழி டி.என்.ஏ. அதில் ஒரே ஒருத்தியைக் காட்டும், ஒய் ஒரே ஒருவரைக் காட்டும். மீதி 1,022 பேரைப் பற்றி அவை பேசுவதே இல்லை. ஒரே ஹாப்லோகுரூப் பணியர் பழங்குடியினரிடமும் இருக்கும், சமவெளி உழவரிடமும் இருக்கும். ஒரே பதியில் பிறந்த இருவரிடம் வேறு வேறாகவும் இருக்கும். "குலம்" என்று எழுதினால் அறிவியல் சொல்லாததைப் படிவம் சொல்லிவிடும்.

கொடைக்கானல், செவ்வாய் காலை

அன்பர்களே, இதற்குக் கவை என்ற சொல் இருக்கிறது.

பாவாணர் மரத்தின் பிரிவுகளை வரிசைப்படுத்தியதை நினைத்துப் பாருங்கள். அடிமரத்திலிருந்து பிரிவது கவை, கவையிலிருந்து கொம்பு அல்லது கொப்பு, பிறகு கிளை, சினை, போத்து, குச்சு, இணுக்கு. தாய்வழி மரமும் இப்படித்தான் பிரிகிறது: எம் என்ற ஹாப்லோகுரூப், அதில் எம்2, அதில் எம்2ஏ, அதில் எம்2ஏ1. ஒவ்வொரு படிக்கும் தமிழில் தனிச்சொல் காத்திருக்கிறது.

கவை வெறும் மரச்சொல்லும் அல்ல. குறுந்தொகை 324-இல் "கவைமக" என்று இரட்டைப் பிள்ளைகளைச் சொல்கிறார் புலவர், அந்தத் தொடராலேயே அவர் பெயர் கவைமகன் ஆயிற்று. ஒரு வயிற்றிலிருந்து இரண்டாகப் பிரிவது! தாய்வழிக் கிளைப்புக்கு இதைவிடப் பொருந்திய சொல் உண்டா? கவடு, கவட்டை, கவர் எல்லாம் இதே வேர். "கவலை" கூட முதலில் வழி பிரியும் இடம்தான். மனம் இரண்டாகப் பிரிவதால் துன்பத்துக்கு ஆயிற்று. கவான், கவுள் வரைக்கும் இந்த வேர் போகிறதா என்று

குன்னூர், செவ்வாய் மதியம்

> கவான், கவுள் வரைக்கும் இந்த வேர் போகிறதா என்று

அண்ணா, அஞ்சல் பாதியில் அறுந்திருக்கிறது. இருந்தாலும் இங்கேயே நிறுத்தலாம். "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா", சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்ததும் தெரியாது என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார்.

ஏழு படிச் சொற்கள் அழகானவை, ஆனால் இந்த மரத்தில் படிகள் நிலையாக நிற்பதில்லை. இடையில் புதிய மரபுக்குறி கிடைத்தால் கீழே உள்ளவை எல்லாம் ஒரு படி இறங்கும். எம்17 என்ற ஒய் மரபுக்குறி தாங்கிய பிரிவு 2002-இல் ஆர்1ஏ1, பின்னர் ஆர்1ஏ1ஏ. நேற்றுச் சினையாக இருந்தது இன்று போத்து என்றால் படிவத்தை மறுபடி அச்சடிக்க வேண்டும். அதனால்தான் ஆய்வாளர்கள் படியை விட்டுவிட்டுக் குறியின் பெயரால், ஆர்-எம்17 என்று எழுதுகிறார்கள்.

ஒன்றை இன்னும் யாரும் தொடவில்லை. எம்2 என்றால் எது? தாய்வழியில் எம்2 தென்னிந்தியாவில் நிறையக் காணப்படும் பழைய பிரிவு. ஒய் மரபுக்குறிகளிலும் எம்2 உண்டு, அது ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே பரவலாகக் கிடைப்பது. உசிலம்பட்டிப் பக்கத்தில் கிடைத்ததாகப் பேசப்படும் எம்130-உம் ஒய் குறிதான், தாய்வழி எம்முக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆங்கிலத்தில் படிப்பவர்களே இங்கே தவறுகிறார்கள். நாம் ஆக்கும் சொல்லில் "தாய்வழி", "தந்தைவழி" என்ற முன்னொட்டு கட்டாயம் இருக்கட்டும். பின்னால் கிளை வருகிறதா கவை வருகிறதா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

உதகை, செவ்வாய் இரவு

முன்னொட்டை ஏற்கிறேன். நீலகிரித் தோடரிடம் இது ஏற்கெனவே வாழ்க்கையில் இருக்கிறது. ஒவ்வொரு தோடரும் தந்தைவழிக் குலம் ஒன்று, தாய்வழிக் குலம் ஒன்று என இரண்டில் பிறக்கிறார். மொழியியலாளர் எமெனோ 1937-இல் இதை எழுதினார். தாய்வழி, தந்தைவழி என்று பிரித்துச் சொன்னால் அவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கருவுற்ற பெண்ணுக்கு வில்லும் அம்பும் கொடுத்தவரே பிள்ளைக்குத் தந்தை என்பது அவர்கள் முறை. சகோதரர்கள் ஒரு மனைவியோடு வாழ்ந்த காலத்தில் எந்தச் சகோதரர் கொடுத்தாலும் ஒய் ஒன்றுதான். வேறு குலத்தவர் கொடுத்திருந்தால் குலம் ஒரு பக்கமும் ஒய் ஒரு பக்கமும் போகும். "தந்தைவழி" என்பது ஒய் மட்டும் என்று படிவத்தில் ஒரு வரி வேண்டும். இல்லையென்றால் முடிவு வரும் நாளில் ஒரு குடும்பத்தின் உறவையே கேள்வி கேட்டதாக ஆகிவிடும்.

கூடலூர், புதன் காலை

இந்த முன்னொட்டை ஹாப்லோடைப்புக்கு, அதாவது ஒன்றாகச் சேர்ந்து இறங்கும் மரபுக்குறிகளின் வரிசைக்கு, ஒட்டிவிடாதீர்கள். இங்கே அரிவாள் செல் இரத்தச்சோகைப் பணியில் அந்தச் சொல் தினமும் வருகிறது. 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான் இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் கண்டு எழுதினார்கள். அந்த நோய்க்குக் காரணமான மரபணு மாற்றத்தைச் சுற்றியுள்ள மரபுக்குறிகளின் வரிசைக்கு அரபு-இந்திய ஹாப்லோடைப் என்று பெயர். அது இருப்பது 11-ஆம் குரோமோசோமில். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரும். அதற்குக் "குறிக்கோவை" என்று வைக்கலாம், ஒரே சரட்டில் கோத்த குறிகள்.

கொடைக்கானல், புதன் மதியம்

குறிக்கோவை நல்ல சொல், ஏற்கிறேன். டி.என்.ஏ.வில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடமான மைக்ரோசாட்டிலைட்டுக்கு ஒரு பாடநூல் வரைவில் "நுண்துணைக்கோள்" என்று பார்த்தேன், வருத்தமாக இருந்தது. மையவிலக்கில் சுழற்றும்போது முதன்மைப் பட்டைக்குப் பக்கத்தில் துணையாக நின்ற டி.என்.ஏ. பட்டையைத்தான் சாட்டிலைட் என்றார்கள், வானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏ என்று ஒரே துண்டு அடுத்தடுத்து வருவதற்கு நம்மிடம் அடுக்குத்தொடர் இருக்கிறது.

உதகை, புதன் மதியம்

நன்னூல்படி ஒரு சொல் நான்கு வரைதான் அடுக்கும். ஒய் குரோமோசோமில் டி.ஒய்.எஸ். 390 என்ற இடத்தில் இருபதுக்கு மேல் அடுக்குகிறது.

குன்னூர், புதன் மாலை

படிவத்தில் அடுக்குத்தொடர் இல்லை. ஆய்வறிக்கையில் வரும், அப்போது பார்க்கலாம். அங்கே பெயரைவிட வீதம் பெரிய சிக்கல், இந்த அடுக்குகள் மாறும் வீதத்தைக் கொண்டுதான் ஒரு பிரிவின் வயதைக் கணக்கிடுகிறார்கள். குடும்பங்களில் எண்ணிய மாற்ற வீதம் தலைமுறைக்கு 0.002 அளவு. மக்கள்தொகை வரலாற்றுக்குச் சிலர் 25 ஆண்டுக்கு 0.00069 என்று கொள்கிறார்கள். ஒரே தரவுக்கு வயது ஏறக்குறைய மும்மடங்கு வேறுபடும். எந்த வீதம் என்று சொல்லாமல் "இத்தனை ஆயிரம் ஆண்டு" என்று தமிழில் எழுதவே கூடாது.

கோத்தகிரி, வியாழன் இரவு

மூன்று நாள் உழைத்த எல்லாருக்கும் நன்றி. "தாய்வழி மரபுக்கிளை", "தந்தைவழி மரபுக்கிளை" என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். நால்வர் இசைந்திருக்கிறார்கள். உரக்கப் படித்தபோது சிலர் "மரக்கிளை" என்று கேட்டார்கள். அது கெடுதல் இல்லை, படிவத்தில் மரப்படம் ஒன்றும் போட்டிருக்கிறோம். ஒய் பற்றிய வரியைச் சேர்த்துவிட்டேன். ஊர்த்தலைவர் இசைந்தாலும் ஒவ்வொருவரும் தனியாக மறுக்கலாம் என்ற வரியை முதல் பக்கத்துக்கு ஏற்றியிருக்கிறேன்.

கொடைக்கானல், வியாழன் நள்ளிரவு

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கிளை என்றால் தமிழில் சுற்றமும்தான். தென்மாவட்டங்களில் சில சமூகங்களில் கிளை என்பது தாய்வழியாக வரும், தமக்குள் பெண் கொடுத்து எடுக்காத பிரிவு. கூடலூர் அம்மா குலம் வேண்டாம் என்றார்கள், நீங்கள் அதை வேறு பெயரில் உள்ளே விட்டிருக்கிறீர்கள். கவை என்பதில் அந்தச் சுமை இல்லை.

அச்சுக்குப் போவதால் ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்றாம் பக்கத்தில் "நீங்கள் எந்த மரபுக்கிளையைச் சேர்ந்தவர்" என்று இருக்கிறது. "உங்களிடம் எந்த மரபுக்கிளை இருக்கிறது" என்று மாற்றிவிடுங்கள்.

கோத்தகிரி, வெள்ளி காலை

மாற்றிவிட்டேன் ஐயா. ஐந்தாம் பக்கத்திலும் அதே பிழை இருந்தது, அதையும் திருத்தினேன்.