இலைவில்லா பட்டையா: கெப் வாகன ஸ்பிறிங்குக்கு ஒரு சொல்

வெள்ளவத்தையிலிருந்து, திங்கள் இரவு

வணக்கம். தொழிற்பயிற்சி மாணவருக்கான கையேடு ஒன்றைச் சிங்களத்திலிருந்து தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கெப் (பிக்கப்) வாகனத்தின் பின்பக்க ஸ்பிறிங் உடைந்தால் மாற்றுவது எப்படி என்ற பாடத்தில் சிக்கி நிற்கிறேன். மூலத்தில் 'துனு கொல' என்று இருக்கிறது. வில், இலை, அவ்வளவுதான். நீளம் குறைந்துகொண்டே போகும் உருக்குத் தகடுகளை அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு, யூ போல்ட்டால் அச்சோடு இறுக்கிய சாமான். மொத்த அடுக்குக்கு ஒரு சொல் வேண்டும், தனித் தகட்டுக்கு ஒன்று, இரு முனையும் வளையமாகச் சுருட்டிய நீளத் தகட்டுக்கு இன்னொன்று. இப்போதைக்கு 'இலைவில்' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

பருத்தித்துறையிலிருந்து, செவ்வாய் காலை

தங்கச்சி, ஏன் ஒப்பவில்லை? ஸ்பிறிங்கை வில் என்பது நமக்குப் புதிதா? இதே அடுக்கை மாட்டுவண்டியில் பூட்டியபோது அதை வில்வண்டி என்றார்கள். பள்ளிக்கூடத்தில் விற்றராசு படித்தோம். இலைக்கும் அஞ்ச வேண்டாம். வேலின் அலகைச் சங்கப் புலவர் இலை என்றே சொன்னார்கள். 'இலங்கிலை நெடுவேல்' என்று வருகிறதே. ஆக, உலோக இலை நம்மிடம் பழசு. சிங்களத் 'துனு' வடமொழித் தனு, நமது தனுசு ராசிக்கு உறவு. 'வில்' அப்படியல்ல. விலா எலும்பின் வளைவைப் பாருங்கள். வில்லும் விலாவும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். பேராசிரியர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் போகட்டும்.

தனித் தகட்டுக்கு வில்லோடு தகட்டைச் சேர்க்கலாம். சேர்த்தால் 'விற்றகடு'. இடைவெளி விட்டு 'வில் தகடு' என்று எழுதிவிடாதீர்கள். உடைவதற்கும் 'இறுதல்' என்ற நல்ல வினை சும்மா கிடக்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்றானே வள்ளுவன். மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் பாரம் மிஞ்சினால் அச்சு முறியும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான மேற்கோள் கையேட்டுக்குக் கிடைக்காது.

நாமக்கல்லிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, 'விற்றகடு' என்று அச்சடித்தால் பையன்கள் யாருக்கு விற்றது, எவ்வளவுக்கு விற்றது என்றுதான் கேட்பார்கள். எங்கள் ஊர் லாரி ஊர். பட்டறையில் 'பட்டை' என்றால் முடிந்தது. பட்டை உடைஞ்சுருச்சு, மெயின் பட்டை மாத்தணும், இப்படித்தான் பேச்சு. தட்டையாக நீண்ட பொருளுக்குப் பட்டை சுத்தமான தமிழ். புழங்குகிற சொல்லை விட்டுவிட்டு வேல் முனைக்கு எதற்குப் போக வேண்டும்?

கொட்டாஞ்சேனையிலிருந்து, செவ்வாய் இரவு

இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தப்போகிறவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன். கொழும்பில் பட்டை என்றால் கறுவாப்பட்டை. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையில் இலைவில் கேட்டால் முதலாளி மேலும் கீழும் பார்ப்பார். லீஃப் ஸ்பிறிங் என்றால் உடனே எடுத்துப் போடுவார். அவர் சிங்களவரானாலும் தமிழரானாலும் முஸ்லிமானாலும் அதே சொல்தான்.

சொல் எதுவானாலும் பரவாயில்லை, வேலை குழம்பக் கூடாது. தங்கச்சியின் வரைவில் லீஃபும் 'தகடு', அச்சுக்கு அடியில் யூ போல்ட் பிடிக்கும் பிளேட்டும் 'தகடு'. 'தகட்டைக் கழற்றுக' என்றால் பையன் எதைக் கழற்றுவான்? நடு போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் இறுக்கினால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரிச் சரிந்து ஓடும். அங்கே 'இருக்கை' என்று எழுதியிருப்பது நல்லது, அதை மாற்ற வேண்டாம்.

'உடைவு' மட்டும் போதாது, 'வெடிப்பு' தனியாக வேண்டும். யூ போல்ட் தளர்ந்தால், இறுகியிருக்க வேண்டிய நடுப்பகுதியும் வளையத் தொடங்கும். நடுத் துளையில் மயிரிழையாக வெடிப்பு விழும். வண்டி அப்போதும் ஓடும். சேற்றைக் கழுவி டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பையன் துண்டாகிக் கிடப்பதை மட்டுமே தேடுவான்.

அப்புறம், 'ஒட்டுப் போடாதே' என்ற எச்சரிக்கையில் காரணமும் வரட்டும். ஸ்பிறிங் உருக்கில் காபன் அதிகம்; காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றியது. வெல்டிங் சூடு பட்டால் ஒட்டுக்குப் பக்கத்தில் பதம் கெட்டு நொறுங்குகிற மாதிரி ஆகிவிடும். அடுத்த முறிவு அந்த இடத்தில்தான். கழற்றிய யூ போல்ட்டையும் திரும்பப் போடக் கூடாது, இழுபட்டிருக்கும்.

வள்ளுவர் வண்டிக்கு ஸ்பிறிங் இல்லை, அதனால்தான் நேரே அச்சு முறிந்தது. மேற்கோள் வேண்டாம் ஐயா.

மட்டக்களப்பிலிருந்து, புதன் காலை

நீளத் தகட்டைத் 'தாயிலை' என்று சொல்லலாமே? மற்றவை எல்லாம் அதைத் தாங்கித்தானே நிற்கின்றன.

வெள்ளவத்தையிலிருந்து, புதன் மாலை

தாயிலை பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு தலையிடி: பின் வளையத்தை வண்டிச் சட்டத்தோடு தொடுக்கும் செக்கிள். அகராதியைப் பார்த்து 'விலங்கு' என்று போட்டேன். பிழை பார்த்த பிள்ளை 'வண்டிக்கடியில் என்ன மிருகம் அக்கா?' என்று கேட்டது.

பருத்தித்துறையிலிருந்து, புதன் இரவு

கால்விலங்கு அறியாத தலைமுறை! சரி. அந்தத் துண்டின் தொழில் என்ன? பாரம் ஏறி வில் நிமிரும்போது நீளம் கூடும். அதற்கு இடம் கொடுக்க முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆடுவது ஊஞ்சல். ஆகவே 'ஊஞ்சற்பட்டை'.

நாமக்கல்லிலிருந்து, புதன் இரவு

ஐயாவே கடைசியில் பட்டைக்கு வந்துவிட்டார்!

கொட்டாஞ்சேனையிலிருந்து, வியாழன் காலை

ஊஞ்சல் நல்ல யோசனை, ஏன் ஆடுகிறது என்று சொல்லிலேயே தெரிகிறது. ஆனாலும் பக்கத்தில் செக்கிள் என்று தமிழெழுத்தில் இருக்கட்டும். அதன் போல்ட்டை, வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கி முழுப் பாரமும் சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கியபடி இறுக்கினால் வளையத்துக்குள் இருக்கும் றபர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இந்த வரி மூலத்திலேயே இல்லை, சேர்த்துவிடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து, வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. அனுப்பப்போவது இதுதான்: இலைவில், இலை, தாயிலை, ஊஞ்சல்பட்டை, அடியில் பிடிப்பது தட்டு, வெடிப்பும் உடைவும் தனித்தனி. முதலில் வரும் இடத்தில் கராஜ் சொல்லும் கூடவே வரும். இனி மாற்ற நேரமில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து, வியாழன் இரவு

என் ஓட்டு இலைவில்லுக்கு இல்லை என்று பதிந்துகொள்ளுங்கள். வகுப்பில் நான் லீஃப் ஸ்பிறிங் என்றுதான் சொல்வேன். பரீட்சைத் தாளில் எந்தச் சொல் வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே யாராவது சொல்லிவிட வேண்டும்.

பருத்தித்துறையிலிருந்து, வெள்ளி விடியற்காலை

ஊஞ்சல்பட்டை அல்ல, ஊஞ்சற்பட்டை. அச்சுக்குப் போய்விட்டதா?