லிப்ரே ஆஃபீஸ் டிராவில் திறந்தால் தமிழ் சிதறுகிறது: பிடிஎஃபில் மெய்ப்புத் திருத்தம் போடுவது எப்படி?

தாழம்பூ:
வணக்கம். அப்பா எழுதி வைத்துவிட்டுப் போன ஏழு நோட்டுகளை இரண்டு வருடமாகத் தட்டச்சு செய்து, லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவசத் தொகுப்பின் எழுதும் செயலியான ரைட்டரில் சேர்த்திருக்கிறேன். ஏ5 அளவில் 184 பக்கம், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு. மெய்ப்புப் பார்ப்பவர் என் சித்தப்பா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஓர் ஒற்று விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார்.

ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடி கோப்பாக அனுப்பினால் அவருடைய கணினியில் பக்கங்கள் நகர்ந்துவிடுகின்றன. “47ஆம் பக்கம் கடைசி வரி” என்று போனில் சொல்வார், எனக்கு அது 49இல் இருக்கும். சரி என்று பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். அதை அவர் லிப்ரே ஆஃபீஸிலேயே திறக்க, அதன் படம் வரையும் செயலியான டிராவில் போய்த் திறந்திருக்கிறது. வரிக்கு வரி தனிப் பெட்டி. ‘கொடிக்கால்’ என்ற சொல்லில் கொம்பு ஓரிடத்தில், கால் வேறிடத்தில். அதிலேயே 30 பக்கம் திருத்திச் சேமித்து அனுப்பிவிட்டார். அந்த வயதில் கண்ணை வருத்திச் செய்த வேலை வீணாகிவிட்டதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவரிடம் விண்டோஸ், என்னிடம் உபுண்டு. காசில்லாமல் என்ன வழி?

ஈயெழுத்து:
அம்மா, டிராவை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். பிடிஎஃபுக்குள் பத்தி, வாக்கியம் என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. இந்த வடிவத்தை இந்த இடத்தில் வை என்ற கணக்குத்தான் இருக்கும். நாம் ‘கொ’ என்று அடிக்கும்போது யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பிறகு. பக்கத்தில் வரைவதோ கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில். டிரா அதைத் திரும்ப எழுத்தாக்கப் பார்க்கும்போதுதான் கொம்பு கழன்று போகிறது. ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

சித்தப்பாவுக்கு ஒகுலார் என்ற பிடிஎஃப் படிக்கும் செயலியைப் போட்டுக் கொடுங்கள். இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கும். எஃப்6 அழுத்தினால் குறிப்புக் கருவிகள் வரும். பிழையான சொல்லின் மேல் மஞ்சள் பூசி, அதை இரட்டைச் சொடுக்கினால் குறிப்பு எழுதச் சின்னப் பெட்டி திறக்கும். அதில் தமிழில் தட்டச்சு செய்வதில் எனக்கு இதுவரை தகராறு வந்ததில்லை. கண்ட்ரோல் எஸ் போட்டால் குறிப்புகள் பிடிஎஃபுக்குள்ளேயே சேமிக்கப்படும். உங்களிடம் திறந்தால் இடப்பக்கப் பட்டையில் எல்லாக் குறிப்பும் பக்கவாரியாக வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து ரைட்டரில் நீங்கள்தான் திருத்த வேண்டும், தானாக ஏறாது.

நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய சந்தேகங்களை ரைட்டரிலேயே கமெண்ட்டாகப் போடலாம் (கண்ட்ரோல் ஆல்ட் சி). எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் பெட்டியின் முதல் பக்கத்தில் ‘கமெண்ட்ஸ் ஆஸ் பிடிஎஃப் அனோடேஷன்ஸ்’ என்பதை டிக் செய்தால் அவையும் கூடவே போகும். காகிதத்தில் அச்செடுத்துப் பார்ப்பவர் என்றால் ‘கமெண்ட்ஸ் இன் மார்ஜின்’. அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் இரண்டையும் எடுத்துவிட மறக்காதீர்கள்.

பனங்காடு:
ஓடிடியே அனுப்பலாமே? பக்கம் நகர்வதற்குப் பெரும்பாலும் அந்தக் கணினியில் அதே எழுத்துரு இல்லாததுதான் காரணம். ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் என்று போய் ‘எம்பெட் ஃபான்ட்ஸ்’ டிக் செய்யுங்கள், எழுத்துருவும் கோப்போடு போகும். இல்லையென்றால் ‘ஹைப்ரிட் பிடிஎஃப்’ இருக்கிறது. பிடிஎஃபுக்குள்ளேயே ஓடிடியும் போகும், லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் டிராவுக்குப் போகாமல் ரைட்டரில் திறக்கும்.

ஈயெழுத்து:
ஹைப்ரிட் நல்ல வசதிதான். ஆனால் ஒகுலாரில் போடும் குறிப்பு உள்ளே இருக்கும் ஓடிடிக்குப் போகாது. இரண்டையும் கலந்தால் எது புதியது என்று குழம்பும். மூலத்தைத் திருத்தும் கை ஒன்றாக இருப்பதுதான் மெய்ப்புக்குப் பாதுகாப்பு.

தாழம்பூ:
இருவருக்கும் மிக்க நன்றி. வீடியோ காலில் தம்பி மகன் ஒகுலாரைப் போட்டுக் கொடுத்தான். முதலில் பத்துப் பக்கம் மட்டும் அனுப்பிப் பார்த்தேன், பிறகு மீதியையும் அனுப்பினேன், நேற்று ராத்திரி மொத்தப் புத்தகமும் திரும்பி வந்துவிட்டது. 47ஆம் பக்கம் எனக்கும் 47தான். ‘வெற்றிலை கொடிக்கால்’ மேல் மஞ்சள் பூசி, “க் எங்கே?” என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் பேச்சுவழக்கை அப்படியே விடுவதா, திருத்துவதா என்று ஏழெட்டு இடத்தில் கமெண்ட் போட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “அண்ணன் இப்படித்தான் சொல்வாங்க, விட்டுரு.”