புதுப்பிப்பு: ஆம்லெட்டில் இப்போது தண்ணீர் விடுவதில்லை

மிச்சக் காய்கறி போட்ட ஆம்லெட் தட்டில் தண்ணீர் விடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, சரியாகிவிட்டது!

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த காயை அப்படியே முட்டையில் கலந்ததுதான் முதல் தப்பு. இப்போது ஈரம் சுண்டும்வரை வதக்கி, ஆறவிட்டுச் சேர்க்கிறேன். காளானுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும், அது நிறையவே நீர் விடும்.

அடுத்தது தீ. முட்டை வெள்ளை 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இறுகத் தொடங்கும். அதிகம் வெந்தால் புரதம் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து தள்ளிவிடும். அதனால் சிறு தீயில் வைத்து, மேலே இறுகியதும் உடனே இறக்குகிறேன். நேற்று வந்தது அவ்வளவு மெத்தென்று இருந்தது!

ஃபிரிட்ஜில் 4 நாளைத் தாண்டிய மிச்சத்தை மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.