புரோப்பேன் தொட்டி: அழுத்தமானியைப் பார்த்து அளவு சொல்ல முடியாது

வீட்டில் எரிவாயுவான புரோப்பேனுக்குத் தொட்டி வைத்திருப்பவர்கள் அழுத்தமானியை வைத்து இருப்பைக் கணக்கிடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைத்தான் பார்த்துவந்தார். முள் பெரிதாக இறங்கவே இல்லை. கடுங்குளிர் இரவொன்றில் ஹீட்டர் அணைந்தபோதுதான் தொட்டி காலி என்று தெரிந்தது. உள்ளே திரவம் கொஞ்சமேனும் இருக்கும்வரை, அதன் மேலுள்ள ஆவியின் அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. நிறைந்த தொட்டியும் கால்வாசித் தொட்டியும் ஒரே குளிரில் ஒரே அழுத்தத்தைத்தான் காட்டும்.

பார்க்கவேண்டியது தொட்டியின் மேல்மூடிக்குள் இருக்கும் மிதவைமானியை. அது விழுக்காட்டில் காட்டும். முழுதாக நிரப்பினாலும் 80-தான் வரும். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டுமே, மீதி 20 அதற்காக விட்ட காலி இடம். அந்த விரிவால் நண்பகலில் முள் சற்று ஏறி நிற்பதும் உண்டு. ஆகவே நான் எப்போதும் விடியற்காலையில் பார்த்து நாட்காட்டியில் குறித்துவைக்கிறேன்.

முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே எனக்கு முக்கியம். ஒரு லிட்டர் புரோப்பேன் ஏறத்தாழ 7 கிலோவாட் மணி வெப்பம் தரும். 500 லிட்டர் தொட்டியில் 10 விழுக்காடு என்றால் 50 லிட்டர். 10 கிலோவாட் ஹீட்டர் இடைவிடாமல் எரிந்தால் அது 35 மணி நேரத்துக்குத்தான் வரும், ஒன்றரை நாள்கூட இல்லை! 30 விழுக்காட்டிலேயே நிரப்புபவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். குளிர்காலத்தில் லாரி நினைத்த நாளில் வருவதில்லை.

கைபேசிக்குத் தகவல் அனுப்பும் சென்சார் நல்ல வசதி. ஆனால் பெரும்பாலும் அது அதே மிதவைமானியின் மேல்தான் பொருத்தப்படுகிறது. மிதவை சிக்கிக்கொண்டால் கைபேசியும் தவறாகவே சொல்லும். நிரப்பும்போது ஊற்றிய லிட்டரையும் முள் ஏறிய அளவையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

தொட்டி அடியோடு தீர்ந்துவிட்டால் நிரப்பியவுடன் நீங்களே பற்றவைக்க வேண்டாம். கசிவுச் சோதனை முடியட்டும்.

மறுமொழி:

விரிவாக எழுதியதற்கு நன்றி ஐயா. எங்களிடம் இருப்பது சிறிய சிலிண்டர்கள், மிதவைமானி கிடையாது. தராசில் நிறுத்தி, கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்துவிடுகிறோம். இதைவிட நம்பகமான வழியை நான் பார்த்ததில்லை. தூக்க முடியாதபோது என் அம்மா பக்கவாட்டில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி மேலிருந்து கீழாகத் தடவிப் பார்ப்பார். திரவம் இருக்கும் மட்டத்திலிருந்து கீழே உலோகம் சில்லென்று இருக்கும். கொதிநீர் மட்டும் கூடாது. சிலிண்டரைப் படுக்கவைத்துப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆவி போகவேண்டிய குழாயில் திரவமே போய்விடும்.